எதிர்வீட்டு வாசல் கம்பம்

மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒளியால் இயங்கும் குவாண்டம் கணினி ஒன்றை உருவாக்கும் திட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. போக வேண்டிய நாட்டின் விசாதான் வரவில்லை. வரும்வரை வீட்டிலிருந்தே செய்யச் சொன்னார்கள். முசரவாக்கத்தில், பட்டுப்புடவைகளுக்கு அம்மா ரவிக்கை தைக்கும் அறையில், தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கண்ணாடி இழை வழியாகப் போகும் ஒளித்துகள்களில் எத்தனை பாதிவழியில் தொலைகின்றன என்று கணக்குப் போடுவது என் பொறுப்பு.

மகளுக்கு எதில் வேலை என்று கேட்டவர்களிடம் அம்மா சுருக்கமாக "லைட்டுல" என்று சொல்லிவைத்தாள். நான் மின்வாரியத்தில் சேர்ந்துவிட்டதாகத் தெருவே முடிவு செய்துகொண்டது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அத்தை. வாசலை ஒட்டி ஒரு கம்பம் சாய்ந்து நிற்கிறது, மனு கொடுத்தும் மாற்றவில்லை என்றார். அவரை உட்காரவைத்து, ஒளித்துகள் என்றால் என்ன, அதை வைத்து எப்படிக் கணக்கிடுவது, எந்த நாட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினேன். கருத்தரங்குகளில்கூட யாரும் நான் பேசுவதை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"அதெல்லாம் சரிமா," என்றார் முடிவில். "கம்பத்துக்கு எப்ப வருவாங்க?"

மறுநாள் அவரோடு காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மனுவோடு இடத்தின் வரைபடம் இல்லை, அதனால்தான் நிற்கிறது என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அங்கேயே ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். படம் சுத்தமாக இருப்பதாகப் பாராட்டி, எங்கே வேலை என்று விசாரித்தார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"எங்க பொண்ணும் லைட்டுதாங்க சார். வெள்ளக்காரங்களோட சேந்து பண்ணிக்கினு இருக்குது."

எனக்கு நாற்காலி வந்தது.

அடுத்த வாரமே ஆட்கள் வந்து தெருவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். அன்று மதியம்தான் மூன்று நாட்டுக் குழுவின் முன் என் ஆறு மாதக் கணக்கை நான் விளக்க வேண்டியிருந்தது. வைஃபை போனதும் போன் சிக்னலில் சேர்ந்தேன். இரண்டாவது படத்துக்குப் போவதற்குள் பழைய லேப்டாப் அணைந்துவிட்டது. வெளியே ஓடி, இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன்.

"நீங்கதானமா மனு குடுத்தது?" என்றார் கம்பத்தின் மேலிருந்தவர். "அவசரப்பட்டா எப்படிமா?"

அம்மா அவர்களுக்கு மோர் கலந்துகொண்டிருந்தாள்.

மின்சாரம் வந்தபோது கூட்டம் முடிந்திருந்தது. என் படங்களை வைத்துக்கொண்டு வேறொரு நாட்டுச் சகா பேசியிருந்தார். நன்றாகவே பேசினாராம். குழுத் தலைவர் ஆறுதலாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: மின்வெட்டுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள், இதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. பதில் எழுத வெகுநேரம் பிடித்தது. கடைசியில் "நன்றி" என்று மட்டும் அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். கம்பம் வாசலை விட்டுத் தள்ளி நேராக நின்றது. அந்த வருடம் நான் தொடங்கியவற்றில் முழுதாக முடிந்தது அது ஒன்றுதான்.