பியற்றிஸ் அக்காவுக்குச் சாட்சி இல்லை

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்ச் செபக் கூட்டத்தில், ஆண்டவர் தனக்குச் செய்ததை மைக்கில் சாட்சியாக இதுவரை சொல்லாதவர் யார் என்று பார்த்தால், பியற்றிஸ் அக்கா ஒருவர்தான். மற்ற எல்லோரிடமும் ஆண்டவர் எப்படியோ வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருவருக்கு விசா கிடைத்தது, இன்னொருவருக்கு முழங்கால் நோ போனது. கிறிஸ்துராஜா அண்ணை ஏழாவது தடவையில் டிறைவிங் ரெஸ்ற் பாஸ் பண்ணியதை இருபது நிமிடம் சொன்னவர். அதைக் கேட்ட பிறகு அவருடைய காரில் ஏற எனக்குப் பயம். என்னிடமும் ஒரு சாட்சி உண்டு. தொலைந்த பாஸ்போட் செபம் சொல்லி முடிய வோஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்த கதை. சின்ன விஷயம்தான், ஆனாலும் மைக்கைப் பிடித்தபோது அழுகை வந்தது, பொய்யில்லை.

பியற்றிஸ் அக்கா மன்னாரிலிருந்து இருபத்துமூன்று வயதில் வந்தவர். இப்போது ஐம்பத்துமூன்று. கலியாணம் செய்யவில்லை. ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பு வேலை. அந்த வேலையில் ஒரு விதி இருக்கிறது. நோயாளி சொல்வதை 'அவருக்கு நெஞ்சு நோகிறதாம்' என்று சொல்லக் கூடாது, 'எனக்கு நெஞ்சு நோகிறது' என்றே சொல்ல வேண்டும். அப்படி அக்கா எத்தனையோ பிள்ளை பெற்றிருக்கிறார், எத்தனையோ தடவை மயங்கி விழுந்திருக்கிறார். "உங்களுக்கு வராத நோய் வருத்தமே இல்லை" என்று நான் பகிடி பண்ணுவேன்.

செபக் கூட்டத்திலும் அதே வேலைதான். எங்கள் பங்கில் கானாக்காரர், கோவாக்காரர் என்று பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஆங்கிலத்தில் சாட்சி சொன்னால், அக்கா பக்கத்தில் நின்று தமிழில் 'நான்' என்றே சொல்வார். சனம் அழுவது இவருடைய குரலைக் கேட்டுத்தான். முடிந்ததும் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்த் தேநீர் ஊற்றுவார்.

ஒருநாள் என் காரில் வரும்போது கேட்டார்: "துசியந்தி, உமக்கு அந்த நேரம் எப்பிடி இருந்தது? உடம்பு சூடானதோ? சத்தம் ஏதும் கேட்டதோ?" பாஸ்போட் கதையை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எனக்குப் பெரிசா ஒண்டும் வேண்டாம்," என்றார் அக்கா. "ஒருக்கா, ஒரே ஒருக்கா, 'ஓம், இருக்கிறன்' எண்டு ஆண்டவர் சொன்னால் காணும்."

போன ஒக்டோபரில் கானா நாட்டுப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் பயத்தில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாளாம். ஒருவர் வந்து கட்டில் நுனியில் இருந்து, பயம் போகும்வரை அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். "என்ர காலைப் பிடிச்சவர். அந்தக் கையின்ர சூடு இப்பவும் இருக்கு," என்று அக்கா தமிழில் சொன்னபோது மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போது எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் இராசரத்தினம். ஜேர்மனியில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு மகனோடு இங்கே வந்தவர், ஆங்கிலம் தெரியாது. சைவக்காரர். இடமில்லாமல் வெளியே நின்று ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். சாட்சி அக்காவுடையது, ஆங்கிலத்தில் வந்ததுதான் அதன் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிட்டார்.

"பிள்ளை, உங்கட காலைப் பிடிச்சவர் என்ர மனிசியிட்டையும் வரமாட்டாரோ?" என்றார். "ஏழு கிழமையா அவ கண் முழிக்கேல்லை. பாரிசவாதம். நீங்கள் ஒருக்கா வந்து தொட்டால் காணும்."

அக்கா வாயைத் திறந்தார். 'அது நானில்லை' என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வாறன், ஐயா," என்றார்.

காரில் ஏறியதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏனக்கா பொய் சொன்னீங்கள்?"

"அவர் கேக்கேக்க அது எனக்கு நடந்த மாதிரியே இருந்தது, துசி. ஒரு நிமிசம்தான். விட மனம் வரேல்லை."

மறுநாள் பின்னேரம் நான்தான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இராசரத்தினம் ஐயா கட்டிலின் கால்மாட்டில் கதிரை போட்டு வைத்திருந்தார். அவருடைய மனைவி நகுலேஸ்வரி அசையாமல் கிடந்தார். ஐயா போர்வையை மெல்ல விலக்கி மனைவியின் பாதத்தைக் காட்டினார். அக்கா கையை நீட்டினார். விரல்கள் தொடப் போகும்போது கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, அது எனக்கு நடந்ததில்லை. அந்தக் கானாப் பிள்ளைக்கு நடந்தது. நான் தமிழில சொன்னனான், அவ்வளவுதான்."

அவர் முகம் செத்துப்போனது. "அப்ப உங்களிட்ட ஆர் வந்தவர்?"

"ஒருத்தரும் வரேல்லை. முப்பது வருசமாக் கூப்பிடுறன்."

எங்களை வெளியே கலைத்துவிடப் போகிறார் என்று நான் கார்த் திறப்பைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் கலைக்கவில்லை. போர்வையைத் திரும்ப மூடிவிட்டு அக்காவுக்குக் கிட்ட வந்தார்.

"முப்பது வருசமும் கதைக்கிறனீங்களோ?"

"ஒவ்வொரு நாளும்."

"பதில் வராமலோ?"

"வராமல்தான்."

ஐயா கதிரையில் இருந்தார். "கதைச்சுக்கொண்டே இருங்கோ எண்டு இஞ்சத்தை நேர்ஸ்மார் சொன்னவை. நானும் ஏழு கிழமையாக் கதைக்கிறன். முதல் நல்லாத்தான் கதைச்சனான். இப்ப ஏலாமல் கிடக்கு, பிள்ளை. கதை முடிஞ்சு போச்சு. நேற்று முழுக்கச் சும்மா இருந்தனான்." அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் முப்பது வருசம் எப்பிடிக் கதைச்சனீங்கள்? அதைச் சொல்லித் தாங்கோ."

அக்காவிடம் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரிடம் கேட்க ஏதாவது இருக்கிறது என்று நானே நினைத்ததில்லை.

"பெரிசா ஒண்டும் சொல்லுறதில்லை, ஐயா," என்றார் அக்கா. "பஸ் பிந்தினதைச் சொல்லுவன். என்ன சமைச்சனான் எண்டு சொல்லுவன். கோவம் வந்தால் ஏசுவன். சில நாள் சொல்ல ஒண்டுமே இருக்காது. அப்ப, 'நீர் கேக்கிறீரோ தெரியாது, எண்டாலும் சொல்லுறன்' எண்டு தொடங்குவன். தொடங்கினால் பிறகு வந்திடும்."

ஐயா தலையாட்டினார். கதிரையைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு, மனைவியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

"இஞ்சரும்," என்றார். "நீர் கேக்கிறீரோ தெரியாது. எண்டாலும் சொல்லுறன். இண்டைக்கு ரெண்டு பேர் உம்மைப் பாக்க வந்திருக்கினம்."

நகுலேஸ்வரி கண் திறக்கவில்லை. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பியற்றிஸ் அக்கா சுவரில் சாய்ந்து நின்று, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.