போண்டா மடித்த தாள்

எண்பத்தொன்பதாம் வருஷம் என்று பேச்செடுத்தால் எல்லோருக்கும் பெர்லின் சுவர்தான் ஞாபகம் வருகிறது. டிவியில் அந்தப் பழைய படத்தை அடிக்கடி போடுகிறார்கள். சனங்கள் சுவர்மேல் ஏறி நின்று ஆடுகிறார்கள், கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நான் சேனலை மாற்றிவிடுவேன். வீட்டில் கேட்டால் தலைவலி என்பேன். அந்த வருஷம் உலகத்தில் நடந்த அத்தனையையும் சாக்பீஸால் எழுதியவன் நான். என் வீட்டுக்கு நடந்ததை மட்டும் எழுதாமல் விட்டவனும் நானேதான்.

எண்ணூர் ஆற்றை ஒட்டி எங்கள் குப்பம். குப்பத்து முனையில் கீற்றுக் கொட்டகை போட்ட படிப்பகம் ஒன்று இருந்தது. காலையில் ஒரே ஒரு தமிழ்ப் பேப்பர் வரும். அதைப் படித்து, முக்கியமான சேதிகளைப் பொறுக்கி, வெளியே தொங்கும் கரும்பலகையில் ஒருத்தன் எழுதவேண்டும். ஆற்றுக்குப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்வார்கள். எனக்கு அப்போது இருபது வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, மணலிக்கும் திருவொற்றியூருக்கும் வேலை கேட்டு அலைந்துகொண்டிருந்தேன். ஒரு கம்பெனியும் உள்ளே விடவில்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும் என்பதால் பலகை என்னிடம் வந்தது.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இறால் பிடிப்பவர். ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் தினமும் பலகை முன்னால் வந்து நின்று, "இன்னிக்கி இன்னாடா எய்திகீற?" என்று கேட்காமல் படகில் ஏறமாட்டார். நான் படித்துக் காட்டியதை ஆறு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவார். மகன் எழுதினான் என்பதால் அவருக்கு அது வேதவாக்கு.

பிப்ரவரியில் ரஷ்யப் பட்டாளம் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியதை எழுதினேன். அடுத்த மாதம் அலாஸ்காவில் ஒரு எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, கடல் முழுக்க எண்ணெய் பரவியது. பறவைகள் எண்ணெயில் முங்கிச் செத்ததை நான் விலாவாரியாக எழுத, எங்கள் ஆட்கள் உச்சுக்கொட்டினார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைந்த தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு அலாஸ்காவுக்காக வருத்தப்பட்டோம். ஆகஸ்டில் நெப்டியூனைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அங்கே தண்ணீர் இருக்கிறதா, மீன் இருக்கிறதா என்று நைனா இரண்டு நாள் என்னைத் துளைத்தெடுத்தார்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். பேப்பரின் நடுவில் ஒற்றைத் தாள் ஒன்று வரும். இரண்டு பக்கமும் டெண்டர், ஏலம், கோர்ட்டு நோட்டீஸ், அரசாங்க அறிவிப்பு. எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து. அதை யாரும் படிப்பதில்லை. படிப்பகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரு ஒப்பந்தம்: அந்தத் தாளை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும், போண்டா மடிக்க. பதிலுக்கு, பலகை எழுதுகிறவனுக்கு ஒரு டீ. எனக்கு முன்னால் எழுதியவன் ஏற்படுத்தின பழக்கம், நானும் அப்படியே செய்தேன். பேப்பர் வந்ததும் முதல் வேலை அதை உருவிக் கொடுப்பது. டீயை உறிஞ்சிக்கொண்டே உலகத்தைப் படிப்பது. பெரிய இவன் என்று நினைப்பு எனக்கு.

ஜூன் மாதம் சீனத் தலைநகரில் மாணவர்கள்மேல் டாங்கி ஏற்றினார்கள். பலகையில் இடம் போதவில்லை. கீழே காலி அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு அதிலும் எழுதினேன். அரசாங்கம் என்றால் எங்கேயும் இப்படித்தான் என்று கூட்டத்தைப் பார்த்து வாய் கிழியப் பேசினேன். அன்றைக்கும் தாளை உருவி அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசினேன்.

நவம்பரில் ஒருநாள் சர்வே ஆட்கள் வந்து எங்கள் வாசல்களில் கல் நட்டார்கள். கேட்டதற்கு, சாம்பல் குழாய் போகிறது, குப்பம் காலி பண்ண வேண்டும், ஆபீசில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். குப்பமே கலங்கிப்போனது. மறுநாள் காலையிலேயே ஆம்பளைகள் எல்லோரும் கிளம்பினோம். நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். படித்தவன் என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள்.

ஆபீசில் இருந்த அதிகாரி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லி ஜூன் மாதமே பேப்பரில் போட்டாயிற்று, ஒருத்தரும் வரவில்லை, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஃபைலைத் திருப்பிக் காட்டினார். வெட்டி ஒட்டிய ஒரு துண்டுப் பேப்பர். பொடி எழுத்து. மேலே தேதி இருந்தது. டாங்கிச் செய்தியை நான் அட்டை கட்டி எழுதிய அதே நாள்.

"பேப்பர் படிக்கிற பழக்கமே இல்லியா உங்களுக்கெல்லாம்?" என்று கேட்டார் அதிகாரி.

அதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். நைனா சொன்னார். அதுவரை எந்த ஆபீசிலும் வாய் திறக்காத மனுஷன், மேஜைக்குக் கிட்டே போய் நின்று சொன்னார்: "சார், என் புள்ள ஒரு எயுத்து வுடாம படிக்கிறவன். வந்திருந்தா அவன் கண்ணுல பட்டிருக்கும். பேப்பர்ல வர்ல சார். நீங்க பொய் சொல்றீங்க."

வெளியே பிடித்துத் தள்ளினார்கள். வழி முழுக்க எங்கள் ஆட்கள் நைனா சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்: பேப்பரில் வரவே இல்லை, அந்த அதிகாரிப் பொறுக்கிதான் பின்னால் ஃபைலில் ஒட்டிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு டீயின் இனிப்பு அப்போதும் நாக்கில் நின்றது. தூ.

மறுநாள் காலை நான் படிப்பகத்துப் பக்கமே போகவில்லை. இனி சாக்பீஸைத் தொடுவதில்லை என்று முடிவுகட்டி, வீட்டில் சுருண்டு படுத்திருந்தேன். நைனா வந்தார். டீக்கடை ரேடியோவில் சேதி கேட்டுவிட்டு வந்திருந்தார். புது சாக்பீஸ் ஒன்றை என் கையைப் பிரித்து உள்ளே வைத்தார். "ஜெர்மனில சொவத்த இட்சிட்டானாமே. போய் எய்துடா. சனங்க காத்துகினு கீது." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம் வீடே போகிறது, இந்த மனுஷனுக்கு ஜெர்மன் சுவர் கேட்கிறதா என்று. பாவம், ஒன்றும் தெரியாத அப்பாவி என்றும் நினைத்துக்கொண்டேன். போய் எழுதினேன். பெர்லினில் சுவர் விழுந்தது என்று நான் எழுதியதை, வாசலில் கல் நட்ட வீடுகளின் ஆட்கள் நின்று படித்தார்கள்.

அடுத்த வருஷம் புல்டோசர் வந்தது. ஆட்சேபணை கொடுத்திருந்தால் மட்டும் என்ன கிழித்திருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிப் பார்த்ததுண்டு. அந்தச் சமாதானத்துக்கும் வழியில்லை. பக்கத்துக் குப்பத்தில் படிப்பகமும் இல்லை, பலகையும் இல்லை. அங்கே ஒருத்தர் வக்கீல் ஆபீசில் பியூனாக இருந்தார். அவர் கண்ணில் அந்த நோட்டீஸ் பட்டு, முப்பது நாளைக்குள் எல்லோருமாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் போய்ப் பாருங்கள். குழாய் அங்கே வளைந்து, அவர்கள் வீடுகளைச் சுற்றிக்கொண்டு போகிறது. எங்கள் இடத்தில் நேராகப் போகிறது.

எங்களுக்கு ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தொகுப்பு வீடு கொடுத்தார்கள். ஆற்றுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வலையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கண்டக்டர் ஏற்றுவான்? நைனா கன்டெய்னர் யார்டு ஒன்றில் வாட்ச்மேன் ஆனார். காக்கிச் சட்டை அவருக்குக் கடைசிவரை பொருந்தவே இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே கதையைத்தான் சொன்னார், முப்பது வருஷத்துக்கு மேல்: பேப்பரில் வரவில்லை, வந்திருந்தால் என் பிள்ளை விட்டிருக்க மாட்டான். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. மகன்மேல் இருக்கும் அந்த நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று விழுங்கிவிட்டேன். கோழைக்கு இப்படி ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

நைனா போன வருஷம் போய்விட்டார். காரியத்துக்கு டீக்கடை அக்கா வந்திருந்தாள், கோலூன்றிக்கொண்டு. பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். "நான்தான்கா அத்தப் படிக்காம உன்னாண்ட குடுத்தேன். கடைசிவரிக்கும் நைனாவுக்குத் தெரியாமலே போயிட்ச்சி."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"தெரியும்டா. ஆபீஸ்லர்ந்து வந்த அன்னிக்கே எங்கடைக்கி வந்தாரு. சர்க்கார் நோட்டீஸ் எந்தத் தாள்ல வரும்னு கேட்டாரு. போண்டா மடிக்கிற தாள எட்த்துக் காட்னேன். ரொம்ப நேரம் அத்தையே பாத்துகினு நின்னாரு. அப்பால, பையனாண்ட சொல்லாத, அவன் எய்துறத வுட்டுடுவான்னுட்டுப் போயிட்டாரு."

அக்காவை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து நைனாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாமே நைனா. ஊர் முன்னால் நிறுத்தி, இவன்தான்டா உங்க வீட்டைத் தின்னவன் என்று சொல்லியிருக்கலாமே. அதைவிட்டு, தெரிந்த பிறகும் எனக்காக அந்த அதிகாரியைப் பொய்யன் ஆக்கிக்கொண்டு, நீயும் ஆயுசு முழுக்கப் பொய் சொன்னாய். மறுநாள் காலை சாக்பீஸை என் கையில் வைத்தபோது எல்லாம் தெரிந்துதான் வைத்தாய். உன்னை ஒன்றும் தெரியாத அப்பாவி என்று நினைத்துக்கொண்டுதான் நான் எழுந்து போய் பெர்லின் என்று எழுதினேன்.