பரிசு பெற்ற அடிக்குறிப்பு

வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பரிசு ஒரு மெடல். அண்மைக்கால வரலாற்றில் மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் சிறந்ததற்கு என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஏற்படுத்தி வைத்தது. அதைப் பற்றி யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியதே, அந்த வாரங்களில் துறைமுகத்தில் வேலை எப்படி நடந்தது என்பதுதான் என் ஆய்வு. அந்தச் சமயம் நான் சித்தூரில் அத்தை வீட்டில் மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். என் பேராசிரியர் கும்பகோணத்தில். பரிசு வைத்த நீதிபதி குன்னூரில். துறைமுகத்தில் யார் இருந்தார்கள் என்று முடிவு செய்ய எங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது.

இருந்தவர்களில் ஒருவருடைய மனைவி ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால் ஆப்பக்கடை வைத்திருந்தார். கணவர் கப்பலுக்கு மூட்டை ஏற்றும் கூலி. ஊர் ஓடிய வாரத்தில் ஆள் பற்றாமல் இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்தவர், கால் தவறிக் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. அவரை வேலைக்கு வைத்த கம்பெனியின் குமாஸ்தா அப்போது வேலூரில் பத்திரமாக இருந்தார். ஆபத்து நீங்கியபின் திரும்பி வந்து, பேரேட்டில் ஆள் இல்லாத பெயர்களுக்கு நேரே, ஒரே மையில், ஒரே மூச்சில், 'ஓடிப்போனவன்' என்று இங்கிலீஷில் எழுதினார்.

அன்றிலிருந்து அந்த அம்மாள் ஓடிப்போனவன் பெண்டாட்டி. கருமாதி செய்ய மைத்துனர்கள் மறுத்துவிட்டார்கள். நெல்லூரில் எவளோடோ குடித்தனம் நடத்துகிறார் என்றுகூட ஒரு கதை உலவியது. ஆய்வுக்கு விவரம் கேட்டுப் போன என்னிடம் அந்த அம்மாள் சொன்னார்:

"எனுக்கு ஒண்ணியும் வேணாம் நைனா. எங்க வூட்டுக்காரு ஓடலன்னு உன் பொஸ்தகத்துல ஒரு வரி எய்திடு. ஓடனாருன்னு எவனோ எய்தினதாலதான இம்மாம் பேஜாரு. எய்தினாத்தான் இந்த ஊரு நம்புது."

வரலாறு எழுதும் முறையை இவ்வளவு சுருக்கமாக எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன், இரண்டு பக்கம். அவரோடு மூட்டை சுமந்த இருவர் சொன்னதையும் சேர்த்து.

பேராசிரியர் இரண்டு பக்கத்தையும் பென்சிலால் குறுக்கே அடித்தார்.

"சான்று?"

"அந்த அம்மா ஸார். கூட இருந்த ரெண்டு பேர்."

"ஆப்பக்கடைக்காரியை அடிக்குறிப்பிலே போட்டா கமிட்டி சிரிக்கும் ஓய். பேரேடு இருக்கு, அதிலே கம்பெனி முத்திரை இருக்கு. அதைப் போடும். மெடல் வேணுமா, ஆப்பம் வேணுமா?"

மெடல் வேண்டியிருந்தது. குமாஸ்தாவே ஓடியவர்தான் என்று எனக்குத் தெரியும். அதற்கும் எழுத்தில் சான்று இல்லை. 'கூலியாட்கள் கூட்டமாக ஓடிப்போனதால் வேலை நின்றது' என்று எழுதி, கீழே அடிக்குறிப்பில் பேரேட்டுப் பெயர்களை வரிசையாகக் கொடுத்தேன். அவர் பெயர் ஏழாவது. அசல் ஆவணங்களை அயராமல் தேடியதற்காகக் கமிட்டி என்னைப் பாராட்டியது.

செய்தி ஆப்பக்கடைக்கும் எட்டியது.

"பிரைஸு அடிச்சிட்டியாமே! அவுரு பேரு கீற பக்கத்தைக் காட்டு."

அவர் பெயர் இருந்தது அந்த ஒரு பக்கத்தில்தான். விரல் வைத்துக் காட்டினேன்.

"இன்னா போட்டுகீது?"

அந்தத் தாளைப் பார்த்தபடியே, பேராசிரியர் அடித்த இரண்டு பக்கத்தையும் ஞாபகத்திலிருந்து தமிழில் வாசித்தேன். அழுதார். அந்தத் தாள் வேண்டும் என்றார். என் பிரதியிலிருந்து கிழித்துக் கொடுத்தேன். மறுக்க ஒரு சாக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கு எதுவுமே தாமதமாகத்தான் தோன்றும். அவர் அதை யானைக்கவுனியில் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பூ வைத்தார். மைத்துனர்கள் வந்து பார்த்தார்கள். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது, நம்பினார்கள். கருமாதி நடந்தது. அதன்பிறகு என்னிடம் ஆப்பத்துக்குக் காசு வாங்க மறுத்ததால் அந்தத் தெருப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

சில வருஷம் கழித்து மகளுக்கு நிச்சயதார்த்தம். நான் வந்தே தீரவேண்டும் என்று ஆள் அனுப்பினார். போனேன். மாப்பிள்ளை வீட்டார் ஜமக்காளத்தில் உட்கார்ந்ததும் அந்த அம்மாள் எழுந்து நின்று, "நாளைக்கு ஓடிப்போனவன் பொண்ணுன்னு எவனும் வாயைத் தொறக்கக் கூடாது. நைனா, நீ எய்தினத நீயே படி," என்றார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன், எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஆலையில் டைம் கீப்பர், ஏற்கெனவே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டத்தின் முன் நின்றிருந்தார். உதடுகள் மெல்ல அசைந்தன. இங்கிலீஷ் தெரிந்தவர்.

வேறு வழியில்லாமல் படித்தேன். விஷயம் தடையில்லாமல் வந்தது. 'கடைசிவரை நின்றவர்' என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் செய்தேன். முடித்ததும் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அந்த அம்மாளும் பார்த்தார்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"கரீட்டு. அப்பிடித்தான் போட்டுகீது. தட்டை மாத்துங்கப்பா."

தட்டு மாறியது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்கதான் எய்தினதா ஸார்?"

"ஆமாம்."

"படிக்கசொல்ல நல்லாத்தான் படிச்சீங்க. எய்தசொல்ல இன்னா ஸார் வந்துச்சு உங்களுக்கு?"

பின்வாரே இல்லாத செருப்புக்கு நான் வெகுநேரம் குனிந்து பின்வார் மாட்டிக்கொண்டிருந்தேன்.