மரிய செல்விக்கு வந்த நோய்கள்

ஆவூர் மரிய செல்விக்கு இந்த நாற்பத்தாறு வயதுக்குள் நெஞ்சுவலி பதினோரு தடவை, குடல்வால் வீக்கம் ஒன்பது தடவை, மூலம் கணக்கில்லாமல் வந்திருக்கிறது. நிஜத்தில் அவருக்குத் தலைவலிகூட வந்ததில்லை.

இலுப்பூர்ச் சாலையில், அயர்லாந்துக் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து நடக்கும் தனியார் மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிப்பது அவர் வேலை. மாணவர்கள் நிஜ நோயாளியிடம் போகும் முன் இவரிடம் பேசிப் பழக வேண்டும் என்பது அயர்லாந்துக்காரர்கள் போட்ட விதி. என்ன நோய், எங்கே வலி, எதைக் கேட்டால் எதைச் சொல்வது எல்லாம் அங்கிருந்தே தாளில் வந்துவிடும். பயிற்சிக்கூட மேலாளர் அரவிந்த்குமார் அதைத் தமிழாக்கித் தருவார்.

செல்வி பொய் பேசாதவர். பக்கத்து வீட்டுக் குழம்பு கரித்தால் கரிக்கிறது என்பார். அதனால் அவருக்கு யாரும் குழம்பு கொடுப்பதில்லை. வாரம் முழுக்கச் சொன்ன நோய்களைச் சனிக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பாவமாக வரிசையாக ஒப்பிப்பார். மூன்றாவது வாரமே பங்குச்சாமி அலுத்துப்போய், "அது பொய்யில்லம்மா, உத்தியோகம்" என்றார்.

"உத்தியோகந்தான் சாமி. ஆனா பொய்யாவுல்ல இருக்கு."

மார்ச் மாதத் தேர்வை நேரில் பார்க்க அயர்லாந்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து இறங்கினார். தேர்வுக்கான தாளில், கணவர் விபத்தில் இறந்துவிட்டார். மாணவர் அதை மனைவியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மனைவி, செல்வி.

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "இது நமக்கு வேணாங்க சார்."

"நடிப்புத்தானக்கா. மூலம்னு சொன்னீங்களே, வந்துச்சா?"

"மூலம் எனக்கு. இது அவரு உசுரு. குவைத்துல கிரேன் ஓட்டுற மனுசன். எட்டுப் புள்ளைங்க பரிச்சை எழுத அவரு எட்டுத் தடவ சாவணுமா?"

"வேற ஆளப் பழக்க நேரமில்ல. மாட்டேன்னா இனிமே ஒங்களக் கூப்புட மாட்டாங்க."

"கூப்புட வேணாம்" என்றாரே தவிர, எழுந்து போகவில்லை. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று அவரை இத்தனை மரியாதையாக வேறு எங்கும் யாரும் கேட்டதில்லை.

அரவிந்த்குமார் தயங்கித் தயங்கி விஷயத்தை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. யாராவது இறந்தாக வேண்டும், யாரென்று அவரே சொல்லட்டும் என்றார்.

செல்வி யோசித்தார். "எங்க மாமியா சாவட்டும். அது செத்து ஆறு வருசமாச்சு. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆவாது."

இருபது வருடம் ஒரே அடுப்படியில் சண்டை போட்ட மாமியார். சாவன்று செல்வி ஒரு சொட்டு அழாமல் வந்தவர்களுக்குக் காப்பி போட்டதை ஆவூர் இன்னும் பேசுகிறது.

முதலில் வந்தவள் அன்னவாசல் வைஷ்ணவி. பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, தொண்டையைச் செருமினாள். "ஒங்க மாமியார் தவறிட்டாங்கம்மா. எங்களால காப்பாத்த முடியல."

தாளின்படி செல்வி இப்போது அழ வேண்டும். வரவில்லை. "கடைசியா எதாச்சும் சாப்புட்டுச்சா?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வி தாளில் கிடையாது. வைஷ்ணவி தானாகவே ஒரு பதில் சொன்னாள். "ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாங்க. ஒங்களத்தான் கேட்டாங்க."

"அது என்னைய எங்கிட்டுக் கேட்டிருக்கும்" என்றார் செல்வி. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். ஆறு வருடம் தாமதமாக, முந்தானை நனைய.

தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னதற்கு டாக்டரம்மா வைஷ்ணவிக்கு இரண்டு மதிப்பெண் குறைத்தார். நோயாளியாக நடிப்பவர் போட வேண்டிய ஐந்து மதிப்பெண்ணில் செல்வி ஐந்தையும் போட்டார். மீதி ஏழு பேரிடமும் அழுதார். யாரும் குறை சொல்ல முடியாத அழுகை. அந்தத் தாளில் இப்போது நிரந்தரமாக மாமியார்தான் சாகிறார். செல்வியும் வேலையில் இருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை பங்குச்சாமியிடம் இந்த எட்டுச் சாவை மட்டும் அவர் சொல்லவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மாமியாருக்கு வருடா வருடம் ஒரு மெழுகுவர்த்தி வைப்பவர், இந்தத் தடவை எட்டு வைத்தார். பக்கத்துக் கல்லறைக்குப் பூ போட வந்த ஆண்ட்ரூஸ், "என்ன செல்வி, மாமியா மேல திடீர்னு பாசம்?" என்று சீண்டினார்.

"பாசமெல்லாம் இல்லண்ணே. தடவைக்கு ஒண்ணு" என்றார் செல்வி, காற்றில் அணைந்த மூன்றாவதை மறுபடி பற்றவைத்தபடி.