பெரிய அரசனும் சிறிய அரசனும்

சென்ற ஆண்டு ஒக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், லண்டன் ஈஸ்ட் ஹாமில் என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கும் என் தோழியின் வீட்டில் இது நடந்தது.

அவள் சீனப் பெண். நானும் அவளும் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே நூலகத்தில் வேலை செய்தோம். எனக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இருவருமே வளர்ந்தபின் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில்தான் பிள்ளைகளைப் பற்றியும், முதுகுவலியைப் பற்றியும், மேலதிகாரியைப் பற்றியும் பேசித் தீர்த்தோம். மதிய இடைவேளையில் சீட்டு விளையாடுவோம். எங்கள் வீடுகளில் சீட்டென்றால் ‘முந்நூற்று நான்கு’ என்ற ஆட்டம்தான். அதில் ராஜாவுக்கு வெறும் மூன்று புள்ளி, ஜோக்கருக்கு இடமே இல்லை. பெட்டியைப் பிரித்தவுடன் எடுத்து எறிந்துவிடுவோம். அவள் கற்றுத்தந்த விளையாட்டில் அந்த இரண்டு ஜோக்கர்களும்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஒன்று பெரிய அரசன், மற்றது சிறிய அரசன். இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் கீழே கிடக்கும் எதையும் வெல்லும். கையிலுள்ள சீட்டு முழுவதையும் முதலில் இறக்குபவர் வென்றவர். அவள் ஈவிரக்கமில்லாத ஆட்டக்காரி. நான் தோற்கும்போதெல்லாம், “நீ புத்தகம் படிக்கப் போ, சீட்டு உனக்குச் சரிவராது” என்பாள்.

இருவரும் ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தளர்ந்தது, பேச்சு போய்விட்டது. ஆங்கிலமும் போயிற்று, சீனமும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ‘வாங்’. அது அவளுடைய குடும்பப் பெயர். அந்தப் பெயருக்குப் பொருள் அரசன். தேநீர் வேண்டுமா என்றாலும் வாங், வலிக்கிறதா என்றாலும் வாங். நான் கவலையோடு இதை வீட்டில் சொன்னபோது என் கணவர், “அப்ப வாற ஆக்களை எல்லாம் வாங்கோ வாங்கோ எண்டு வரவேற்கிறா போல” என்றார். அவருக்குக் கவலை வந்தால் பகிடிதான் வரும்.

பேச்சுப் பயிற்சி தர வீட்டுக்கு வந்த இளம்பெண் ஒரு வழி சொன்னாள். எஞ்சியிருக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியிருக்கும் சொற்களைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். ஒரு சொல் வந்தால் அதன் அயலில் இருப்பவையும் எழுந்து வரக்கூடும். தோழியின் மகள் பகலில் வேலைக்குப் போகிறவள். செவ்வாயும் வியாழனும் நான் வருகிறேன் என்று சொன்னேன். மகள் சொற்களை எழுதித் தந்தாள், ஓசையை நான் தமிழில் குறித்துக்கொண்டேன்.

ஒரு பெரிய தாளின் நடுவில் ‘வாங்’ என்ற அந்தச் சீன எழுத்தை வரைந்தேன். மூன்று கிடைக்கோடுகள், நடுவே ஒரு செங்குத்துக்கோடு. வானம், மனிதர், நிலம் மூன்றையும் இணைப்பவன் அரசன் என்று பழைய விளக்கம் ஒன்று உண்டாம். புலியின் நெற்றிக் கோடுகளிலும் சீனக் குழந்தைகள் அதே எழுத்தைக் காண்பார்களாம். அதிலிருந்து கிளை கிளையாகச் சொற்களை எழுதினேன். குவோவாங், நாட்டரசன். அதையே திருப்பிப் போட்டால் வாங்குவோ, அரசனின் நாடு. நியூவாங், பெண்ணரசி. அரசனின் மகன் இளவரசன். நாம் ராணித்தேனீ என்பதை அவர்கள் தேனீக்களின் அரசன் என்கிறார்கள். கோ, வேந்தன், மன்னன் என்று நாம் தனித்தனியே சேர்த்து வைத்திருக்க, இவர்கள் ஒரே எழுத்தை வைத்து ஓர் அரண்மனையையே கட்டியிருக்கிறார்களே என்று வியந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தாளை நான் மிகவும் அனுபவித்தேன். அவள் அனுபவித்தாளா என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் மணிமுடியின் படத்தைக் காட்டுவேன். அவள் உதடுகள் அசையும். “வாங்…” என்பாள். அடுத்த பாதி வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன், சொல்லிவிட்டுக் கைதட்டுவேன். ஒருநாள் விடுப்பில் நின்று சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் மெல்லச் சொன்னாள்: “ஆன்ட்டி, கேள்வியும் நீங்கள், பதிலும் நீங்கள். அம்மாவுக்கு இங்கே என்ன வேலை?”

சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. என்னைப் பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

செவ்வாயும் வியாழனுமாக ஏழு கிழமைகள் போயின. ஒரு புதுச் சொல்லும் வரவில்லை. அவள் தாளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு யன்னலைப் பார்க்கத் தொடங்கினாள். பயிற்சி தரும் பெண், இன்னும் மூன்று கிழமையில் பயிற்சியைத் தொடர்வதா என்ற மறுபரிசீலனை வரும் என்றும், சிறிதேனும் முன்னேற்றம் தெரியாவிட்டால் வீட்டுக்கு வந்து தரும் பயிற்சி நின்றுபோகும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எனக்கு அதைவிடவும் பயமாக இருந்தது வேறொன்று. அவள் தன்னை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமை நான் தாளை விரித்ததும் அவள் இடக்கையால் அதை ஒதுக்கிவிட்டு மேசை இழுப்பறையைக் காட்டினாள். உள்ளே எங்கள் பழைய சீட்டுக்கட்டு. அவளால் ஒரு கையால் சீட்டை விரித்துப் பிடிக்க முடியாது. மகள் ஒரு தரை தேய்க்கும் தூரிகையைக் கவிழ்த்து வைத்து, அதன் நார்களுக்கிடையே சீட்டுகளைச் செருகி நிறுத்தப் பழக்கியிருந்தாள். நான் கலைத்துப் போட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினாள். நீண்ட நேரம் பிடித்தது. அவள் முகத்தில் மாதக்கணக்கில் நான் காணாத ஒரு கூர்மை இருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் என் கையில் மூன்று சீட்டுகள்: ஓர் ஏழு, பெரிய அரசன், சிறிய அரசன். அவள் இரண்டு ஏஸ்களை ஒன்றாக இறக்கினாள். தூரிகையில் ஒரே ஒரு சீட்டு எஞ்சியிருந்தது. நான் அரசர்களை இறக்கியிருந்தால் அந்தச் சுற்று என்னுடையது. பிறகு மிஞ்சிய ஒற்றைச் சீட்டைப் போட்டு வென்றிருப்பேன். பாவம், ஒருமுறையாவது ஜெயிக்கட்டும், மனம் தெளியும் என்று எண்ணினேன். மேசையை விரலால் தட்டி “பாஸ்” என்றேன். அவள் கடைசிச் சீட்டைப் போட்டாள். நான் கைதட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. பிறகு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, நான் கவிழ்த்து வைத்த மூன்று சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

“வாங்,” என்றாள். இன்னொன்றைத் தொட்டு, “வாங்.”

நான் அவசரமாக, “ஓம் ஓம், தாவாங், சியாவ்வாங்” என்று அந்த இரண்டு அரசர்களின் சீனப் பெயர்களைச் சொல்லி வழக்கம்போல முந்திக்கொண்டேன். அவள் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தாள். தூரிகை உருண்டு தரையில் விழுந்தது.

அந்த வீட்டுக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக நான் வாய்மூடி இருந்தேன். கேத்தில் கொதித்துத் தானாக அணைந்தது. வெளியே ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. உதவிக்குப் போகத் துடித்த நாவைப் பற்களுக்கிடையே பிடித்துக்கொண்டேன்.

“யூ,” என்றாள்.

நான் அசையவில்லை.

“யூ… பிளே.” நீண்ட இடைவெளி. “ப்ராப்பர்.”

ஒழுங்காக விளையாடு என்கிறாள், சீனத்தில் அல்ல. நான் தாளில் எழுதிய சொற்களில் ஒன்றும் அல்ல. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த அந்த மொழியில், இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் என்னை ஏசிய அதே தொனியில்.

“சொறி,” என்றேன். அழுகை வந்துவிட்டது. அவளோ அதைப் பொருட்படுத்தாமல் சீட்டுக்கட்டை என் பக்கம் தள்ளினாள். “அகெய்ன்.”

இரண்டாவது ஆட்டத்தில் எதையும் மறைக்கவில்லை. என் முழு மூளையையும் கொண்டு விளையாடி வென்றேன். அவள் என்னை முறைத்தாள். பின்பு வாயின் நல்ல பாதியால் சிரித்தாள்.

மாலையில் மகள் வேலையால் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, தோழி என்னைச் சுட்டிக்காட்டி, திணறித் திணறி மகளிடம் ஏதோ சொன்னாள். இம்முறை சீனம். மகள் ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருக்க அப்படியே நின்றுவிட்டாள். என்ன சொன்னா என்று கேட்டேன். சிரிப்பும் கண்ணீருமாக மகள் சொன்னாள்: “ஆன்ட்டி, நீங்கள் ஏமாற்றுக்காரியாம்.”

பக்கவாதம் வந்து ஏழு மாதங்களுக்குப் பிறகு தாய் மகளிடம் சொன்ன முதல் வாக்கியம் என்னைப் பற்றிய முறைப்பாடு. இதுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு நிகரான ஒன்று இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “முப்பது வருசமா சீட்டில உம்மை நான் ஒருக்காக்கூட வேணுமெண்டு வெல்ல விட்டதில்லை. அது எவ்வளவு பெரிய மரியாதை எண்டு இப்பவாவது விளங்குதே?” என்றார்.

“விளங்குது, விளங்குது. ஆனா நான் வெண்ட நாளெல்லாம் நீங்கள் கட்டைக் குழப்பினதும் விளங்குது” என்றேன்.

மறுபரிசீலனைக்குப் பின்பும் பயிற்சி தொடர்ந்தது. இன்று அவள் மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். சில நாட்களில் ஆங்கிலம் வருகிறது, சில நாட்களில் சீனம், சில நாட்களில் ஒன்றுமே வருவதில்லை. வராத நாட்களில் நான் காத்திருக்கிறேன். அது நான் நினைத்திருந்ததைவிடக் கடினமான வேலை.

நான் இரக்கம் என்று எண்ணிச் செய்தது, என் எதிரே சரிசமமாக உட்கார்ந்திருந்தவளை அந்தக் கதிரையிலிருந்து இறக்கிவிட்டது என்பதை அவளுடைய கோபம்தான் எனக்குக் காட்டியது. அவளுக்கு எதிராக முழு மனதோடு விளையாடுவதைவிட அவள் பக்கம் நிற்பதற்கு நல்ல வழி ஒன்றை நான் இன்றுவரை அறியவில்லை.