செம்பு கலந்த எண்ணெயும் ஒரு ஆயுத பூஜையும்

எண்ணெயில் செம்பைக் கலந்து, அது சூட்டை வேகமாகக் கொண்டுபோகும் என்று சொல்லி விற்பதுதான் நான் எட்டு மாதம் பார்த்த தொழில். கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்றுத் திட்டு வாங்கும் இன்சூரன்ஸ் ஏஜென்டுகளே, வாட்டர் ஃபில்டர் விற்பவர்களே, நாமெல்லாம் ஒரே ஜாதகம். அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

விஷயம் எளிது. துணி ஆலைகளில் விறகு அடுப்பின் மேல் எண்ணெயைக் காய்ச்சி, குழாய் வழியாக இயந்திரங்களுக்கு அனுப்புவார்கள். துணி காய்வது அந்தச் சூட்டில்தான். எண்ணெய் சூட்டைக் கடத்துவதில் சோம்பேறி, செம்பு சுறுசுறுப்பு. எனவே செம்பை நானோ அளவுக்கு, அதாவது பூதக்கண்ணாடிக்கும் அகப்படாத அளவுக்குப் பொடித்து எண்ணெயில் கலந்துவிட்டால் விறகு மிச்சம். எம்.இ.யில் என் ப்ராஜெக்ட்டே இதுதான் என்பதால், கோயமுத்தூரில் இதை நம்பிய இரண்டு பேரில் நானும் ஒருத்தி. இன்னொருவர் எங்கள் எம்.டி. கல்லூரியில் பேராசிரியராக இருந்து, அதை விட்டுவிட்டு கம்பெனி ஆரம்பித்தவர். ஓர் ஆலையிலாவது எண்ணெயை ஊற்றிச் சோதனை செய்து, வெற்றி என்று அறிக்கை கொண்டுவந்தால் என் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். கொண்டுவராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காந்தப் பரிசோதனை

அன்னூரில் ஓர் ஆலை முதலாளி. நான் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தியானம் என்று நினைத்துக்கொண்டேன். முடிந்ததும் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காந்தத்தை எடுத்து, என் சாம்பிள் பாட்டிலைச் சுற்றி மூன்று முறை காட்டினார். ஏதோ திருஷ்டி கழிக்கிற மாதிரி இருந்தது. எதுவும் நகரவில்லை.

"செம்பு காந்தத்துல ஒட்டாதுங்க சார், இரும்புதான் ஒட்டும்" என்றேன், எட்டாம் வகுப்புப் பாடத்தை இவ்வளவு பணிவாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் காந்தத்தை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினார். "ஒட்டலைன்னா செம்புன்னு எப்படிங்க அம்மணி நம்பறது? பச்சத் தண்ணியுந்தான் ஒட்டாது!"

விருந்தோம்பல் செய்த கேடு

எங்கள் சரக்கில் ஒரு சின்னக் குறை. சும்மா வைத்தால் செம்பு அடியில் படிந்துவிடும். துகளும் துகளும் ஒட்டிக் கட்டி தட்டி, பாட்டிலின் மேல்பாதி தெளிந்து, அடியில் கறுப்பாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் எம்.டி.யின் கண்டிப்பான உத்தரவு: ஆலை வாசலில் காரை நிறுத்தியதும் பாட்டிலை நூறு முறை குலுக்கு, பிறகு உள்ளே போ. என் பொறியியல் படிப்பு முழுவதும் வலது மணிக்கட்டில் பயன்பட்டது.

கோபிசெட்டிபாளையத்தில் ஒருவரிடம் போனேன். குலுக்கி முடித்து மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால், "மொதல்ல சாப்பாடு, அப்புறந்தானுங்க பேச்சு" என்றார். வேண்டாம் என்றால் கேட்கிற ஊரா அது? இலை போட்டு, பருப்பும் நெய்யும் ஊற்றி, ரசம், தயிர், அப்புறம் அவர்கள் தோட்டத்து வாழைப்பழம் வரை வந்தாயிற்று. என் கண் முழுக்க ஜன்னலோரம் வைத்த பாட்டில் மேல்தான். பாயசத்துக்கே தெளிய ஆரம்பித்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்த மனிதர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உண்டுபோட்டு நாமளே இன்னும் படுக்கலை, உங்க செம்பு அதுக்குள்ள படுத்துப்போட்டுதுங்களே!"

முகூர்த்தப் போட்டோ

திரும்பிவந்து எம்.டி.யிடம் நியாயமாகக் கேட்டேன். "சார், கலந்த உடனே அளந்த கணக்கைத்தான் நாம நோட்டீஸ்ல போடறோம். ஒரு வாரம் கழிச்சு அளந்து போட்டா என்ன?" அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஒரு பேராசிரியருக்கு மாணவி மேல் வரும் வருத்தம் அத்தனையும் இருந்தது. இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. தன் சரக்கின் மேல் அவருக்கு இருந்த காதல் அப்படி.

"ஏம்மா, கல்யாணப் பொண்ணை முகூர்த்தத்தன்னைக்குத்தானே போட்டோ எடுப்பாங்க? ஒரு வாரம் கழிச்சு அடுப்படியில எடுத்து யாராச்சும் ஆல்பத்துல ஒட்டுவாங்களா?"

சூலூரில் விளக்கு எரிந்தது

ஏழாவது மாதம் சூலூரில் சென்னியப்பன் என்ற ஆலை முதலாளி சரி என்றார். அறிவியல் ஆர்வம் எல்லாம் இல்லை, விறகு விலை ஏறியிருந்தது. பழைய எண்ணெயை வடித்து, குழாயை அலசிவிட்டு, எங்கள் எண்ணெயை ஊற்றினோம். அடுப்பைக் கவனிப்பவர் ஆரோக்கியசாமி அண்ணன். இருபது வருடமாக அந்த அடுப்போடு வாழ்பவர். நான் மீட்டரைப் பார்த்துச் சொல்லும் சூட்டை, அவர் குழாய்ப் பக்கம் போய் நின்றே சொல்லிவிடுவார்.

முதல் வாரமே எண்ணெய் வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் முன்னதாகச் சூடேறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு போன் போட்டு, "வேலை நிரந்தரமாயிரும்மா" என்று கத்தியேவிட்டேன். தினமும் போய்க் குறித்தேன், தினமும் அதே கால் மணி நேரம். ஆரோக்கியசாமி அண்ணன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "சூடு வெரசா ஏறுதுங்க கண்ணு, இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா அலசிவுட்டா எந்த எண்ணெய்க்கும் நாலு நாளைக்கு அப்படித்தானுங்க ஏறும்."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு எதன் மேல் பொறாமை என்றுதான் யோசிக்கவில்லை.

ஆயுத பூஜை

மூன்றாவது வாரத்திலிருந்து கால் மணி நேரம் பத்து நிமிடமாகி, அப்புறம் ஐந்து நிமிடமானது. அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்து ஆலைகளில் பூஜைக்கு முன் இயந்திரங்களுக்கு நடக்கும் குளியல் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. துடைக்காத நட்டு, தேய்க்காத வால்வு கிடையாது. மூன்று நாள் ஆலை மூடல். திறந்த அன்று காலையில் போனேன். சந்தனமும் குங்குமமுமாக அடுப்பு ஜொலித்தது. எண்ணெய் சூடேறியது, முதல் வாரத்தைவிட இன்னும் மூன்று நிமிடம் முன்னதாக! சென்னியப்பன் வாயெல்லாம் பல். எனக்குக் கையில் பேனா நிற்கவில்லை.

ஆரோக்கியசாமி அண்ணன் பெருமையோடு வந்து சொன்னார். எண்ணெயைத் தொட்டியில் வடித்துத் தெளியவிட்டாராம். அடியில் கறுப்பாக ஒரு சகதி படிந்திருந்ததாம். மேலே இருந்த தெளிந்த எண்ணெயை மட்டும் மொண்டு எடுத்து, சகதியைக் கழிவு பேரலில் கொட்டி, குழாயை உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, குறைந்த எண்ணெய்க்குப் பழைய பேரலிலிருந்து சாதா எண்ணெய் ஊற்றி நிரப்பினாராம். பூஜைக்கு அழுக்கோடு அடுப்பை விட அவருக்கு மனசு வரவில்லை.

செம்பு இல்லாமல், செம்பு இருந்ததைவிட நன்றாக ஓடுகிறது. முதல் வாரத்துக் கால் மணி நேரமும் அலசியதால் வந்ததுதான். எம்.இ. ப்ராஜெக்ட்டில் தொடங்கி இன்றுவரை நான் நம்பியது கழிவு பேரலில் கிடந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது, விறகுப் புகை என்று சொல்லச் சௌகரியமாக இருந்தது. "அண்ணா, அது அழுக்கில்லைங்க. அந்தச் சகதிதான் செம்பு" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. கையிலிருந்த துணியை இரண்டு தடவை மடித்தார். "அப்ப நான் கொட்டிப்போட்டது உங்க வேலையையாங்க கண்ணு?"

அறிக்கை

அன்று மாலையே சென்னியப்பன், "எண்ணெய் அருமை" என்று லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், வேலை நிரந்தரம். அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். பேரலும் குப்பைக்குப் போயாயிற்று. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். மூன்றாம் நாள், நடந்தது நடந்தபடி அறிக்கை எழுதி, கடிதத்தையும் அதோடு சேர்த்துப் பின் அடித்து, எம்.டி. மேஜையில் வைத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. இன்னும் பத்து ஆலை வாசலில் பாட்டிலைக் குலுக்க வேண்டும் என்று நினைத்தபோது மணிக்கட்டு வலித்தது.

எம்.டி. இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வகுப்பில் தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தும் குரலில் மெதுவாகச் சொன்னார். "ரொம்ப நல்ல அறிக்கைம்மா. இதை எழுதினவங்களை வேலைக்கு வெச்சுக்கிட்டு இந்த எண்ணெயை எப்படி விக்கறது?"

எட்டு மாதத்தில் அந்த எண்ணெயைச் சூடாக்கியது விறகும் ஆரோக்கியசாமி அண்ணனின் பிரஷ்ஷும்தான். எங்கள் செம்பும் நானும் கூடவே சும்மா சுற்றிவந்தோம், அவ்வளவுதான்.