கப்பல் புருஷன்

என் அம்மாவுக்கு இரண்டு புருஷன். ஒருவர் என் அப்பா, இன்னொருவர் கப்பல் புருஷன். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே லைன் வீட்டில் இது தினசரி வேடிக்கை. அப்பா கள்ளுக்கடைப் பக்கம் போய்விட்டு வந்தால் போதும், அம்மா ஆரம்பித்துவிடுவாள். "பேசாம என் கப்பல் புருஷனோடவே போயிருக்கணும். என் தலையெழுத்து!" அப்பாவும் விடமாட்டார். "போயேன், யாரு உன் கையைப் பிடிச்சா?"

விஷயம் இதுதான். மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாள் அனுப்பும் நாகப்பட்டினம் டிப்போவில் தனியாக வந்த பெண்ணைக் கப்பலேற்ற ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் ஆள் பிடித்து வரும் கங்காணி, வரிசையில் நிற்கும் எவனையாவது காட்டி, "இவ அவன் பொண்டாட்டி" என்று எழுத வைத்துவிடுவான். மலாயாக் கரையில் இறங்கியதும் அவன் ஒரு தோட்டத்துக்கு, இவள் ஒரு தோட்டத்துக்கு. அம்மாவுக்கு அந்த ஆளின் முகம்கூட ஞாபகமில்லை. வழியெல்லாம் வாந்தி எடுத்தான் என்பாள், அவ்வளவுதான். அப்படி வந்த பெண்கள் ஊரெங்கும் இருந்தார்கள். யாரும் அதைக் கல்யாணமென்று நினைத்ததே இல்லை.

நான் அப்போது கோலாலம்பூரில் ஒரு யாழ்ப்பாணத்து வக்கீலிடம் குமாஸ்தா. எதிராளியைத் தோண்டுவது என் வேலை. நில ஆபீசில் கட்டணம் கட்டினால் யார் நிலத்தின் பதிவையும் யாரும் பார்க்கலாம். மாட்டு லைசென்ஸ், வண்டி லைசென்ஸ், கெஜட் எதையும் விடமாட்டேன். அதில் எனக்குத் தலைக்கனம் வேறு. சர்க்கார் புத்தகத்தில் இருப்பதைப் பார்ப்பது திருட்டா என்ன? வக்கீலும் சொல்வார்: "தம்பி, கோட்டிலை நாங்கள் கதைக்கிறதைவிட அரசாங்கப் புத்தகம் கதைச்சால்தான் பலம், விளங்குதோ?"

செமினி பக்கத்துத் தோட்டக் கங்காணி ஒருவர் எங்கள் கட்சிக்காரராக வந்தார். அவருடைய தம்பி கிள்ளானுக்கு வடக்கே மேருவில் மாட்டுவண்டி ஓட்டியவர், செத்துப்போயிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. தம்பி பெயரில் ஒரு துண்டு நிலம், அதில் வீடு, ஒரு மாட்டுக்கொட்டகை. அங்கே தம்பியின் மனைவி பால் கறந்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். "அவ கட்டின பொண்டாட்டியே இல்லைங்க, நிலம் எனக்குத்தான் சேரணும்" என்றார் கங்காணி. பச்சைப் பொய். கிள்ளான் கோயிலில் தாலி கட்டியதைக் கம்பத்து ஊர்ஜனமே பார்த்திருந்தது. நானும் போய்ப் பார்க்காத ஆபீஸ் இல்லை, ஒன்றும் சிக்கவில்லை. வக்கீல் சமரசம் பேசி முடித்துவிடலாம் என்று வழக்குக் காகிதக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே! "ஐயா, அந்தம்மா எப்படிக் கப்பலேறி வந்தாங்கன்னு பார்க்கலாமா?" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த யோசனை ஒரு வெள்ளைக்கார வக்கீலுக்கும் வந்திருக்காது. எனக்கு வந்தது, என் அம்மா வயிற்றில் பிறந்ததால்.

எந்தக் கப்பல் என்று தெரியாமல் குடியேற்றப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கும் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பசு வாங்க வந்தவன் மாதிரி மேருவுக்குப் போனேன். அந்தம்மா கொட்டகையில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "எங்க ஊர்ப் பிள்ளை மாதிரி இருக்கியேப்பா, உட்காரு" என்றாள். கொஞ்ச நேரம் மாட்டைப் பற்றிப் பேசினேன். பிறகு வாயைக் கிண்டினேன். எதை வைத்து? "எங்கம்மாவுக்கு ஒரு கப்பல் புருஷன் உண்டுக்கா" என்றேன். சீ, இப்போது எழுதும்போதும் நாக்கு கூசுகிறது.

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கும்தான்! ஒரு கிழவனுக்கு எழுதிவிட்டானுங்க. கரை வர்ற வரைக்கும் தூங்கிக்கிட்டே வந்தாரு" என்றாள். எந்தக் கப்பல், எந்த மாதம் என்று எல்லாம் அவளே சொன்னாள். கிளம்பும்போது அம்மாவுக்கென்று ஒரு செம்பு தயிர் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.

துறைமுகத்துக் குடியேற்ற ஆபீசில் அந்தப் பதிவின் முத்திரை குத்திய நகல் கிடைத்தது. வக்கீல் என் முதுகில் தட்டினார். வெட்கங்கெட்டவன், எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வழக்கு நாளில் நகலைப் படித்தார்கள். ஏற்கெனவே இன்னொருவன் பொண்டாட்டி என்று பதிவிருக்க, கோயிலில் கட்டிய தாலி செல்லாது என்றார் எங்கள் வக்கீல். இந்தப் பெயர் உன்னுடையதா என்று ஜட்ஜ் துரை கேட்டார். அந்தம்மா மறைக்கத் தெரியாதவள். "ஆமாங்க. ஆனா அது கப்பலுக்காக எழுதினதுங்க, அந்த ஆளை அதுக்கப்புறம் நான் பார்த்ததே இல்லை" என்றாள். அவள் சொன்னதையெல்லாம் மொழிபெயர்ப்பாளர் ஒழுங்காகத்தான் சொன்னார். சர்க்கார் பதிவுக்கு வாய்ப்பேச்சு பதிலாகாது என்றார் துரை.

அப்போதுதான் வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னை அவள் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. நான் எந்தப் பக்கத்து ஆள் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "தம்பி, நீ இங்கேயா இருக்கே? உங்கம்மாவுக்கும் இப்படித்தானே எழுதினாங்க? ஐயாகிட்ட சொல்லுப்பா!"

கோர்ட்டே என்னைப் பார்த்தது. நான் காகிதக் கட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதானே! சொல்லவில்லை. அவள் எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நிலம் கங்காணிக்குப் போயிற்று. அவள் பசுக்களை ஓட்டிக்கொண்டு சுங்கை பூலோ பக்கம் போனதாகச் சொன்னார்கள். இன்னும் கொஞ்ச நாளில் பசுக்களையும் விற்றுவிட்டாள் என்றார்கள். கோயிலுக்குப் போன இடத்தில் அம்மாவின் காதுக்கு எல்லாம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சோறு போட்டாள். தயிர் இருந்தும் ஊற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அப்பா நல்ல போதையில் வந்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவருக்கே அது பொறுக்கவில்லை. "என்னடி, கப்பல் புருஷன் ஞாபகம் வரலையா இன்னிக்கு?" என்று சீண்டினார்.

அம்மா நான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "அவன் வீட்டுலதான் இருக்கான்."